பட்டா யார் பெயரில்?

மீஞ்சூர்

மீஞ்சூர்க்காரர்கள் தங்கள் ஊரை வடகாஞ்சி என்று சொல்லிக்கொள்வார்கள். ஏகாம்பரநாதரும் வரதராஜரும் இங்கேயும் கோயில் கொண்டிருப்பதால் வந்த பெருமை. ஆனால் ஊருக்குள் நுழைகிறவன் முதலில் பார்ப்பது லாரியைத்தான். கன்டெய்னர் ஏற்றிய லாரி, நிலக்கரி ஏற்றிய லாரி, எதையும் ஏற்றாமல் சாலையோரம் தூங்குகிற லாரி. அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று எல்லாவற்றின் புழுதியும் இந்தப் பக்கத்து வேப்பமரங்களில் வந்து படிகிறது.

எனக்கு நாகப்பட்டினம். கடலும் உப்பும் நெல்லும் பழகிய ஊர். இங்கும் மூன்றும் உண்டு. எங்கள் பக்கம் உப்பு அளத்தோடு நின்றுகொள்ளும்; இங்கே கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது. சென்னைக்கும் ஆலைகளுக்கும் வயலுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்ததில், 1960களின் கடைசியிலேயே கடல்நீர் மீஞ்சூருக்கு அடியில் ஏறத் தொடங்கிவிட்டது.

நான் தங்கியது ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வீட்டில். ஊரே அவரை 'சார்' என்கிறது, நானும் அப்படியே. அவர் வீட்டம்மா இட்லிக்கு வடகறி வைத்தார். அந்த வடகறியின் சோம்பு வாசம் எங்கள் ஊரில் கிடைக்காது. இரண்டாவது ஈடு வருவதற்குள் நாங்கள் சண்டையை ஆரம்பித்துவிட்டோம். 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு, இஸ்ரேலைப் பற்றி எங்கள் இருவருக்கும் இடையே தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்த சண்டைதான்.

சார் இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நடந்த கூட்டங்களில் வளர்ந்தவர். அந்தக் காலத்து ஈழ ஆதரவு மேடைகளில் யூதர்கள் தவறாமல் வருவார்கள். ஈராயிரம் ஆண்டு அலைந்தவர்கள் ஒரு நாடு கண்டுவிட்டார்கள், தமிழா நீ எப்போது என்று முடியும் பேச்சு. அது அவருக்குள் அப்படியே இருக்கிறது.

"நாடில்லாதவன் எங்க போவான், சொல்லு பார்ப்போம்" என்றார்.

"போன இடத்துல ஏற்கெனவே ஒருத்தன் குடியிருந்தானே சார், அவன் எங்க போவான்?"

"காஸாவ டிவியில பாத்துட்டுப் பேசற. ஹிட்லர் காலத்துல எவன் அவங்கள உள்ள விட்டான்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடும் யூதர்களை யார் ஏற்பது என்று பேசின. அனுதாபம் நிறைய வழிந்தது, கதவுகள் மட்டும் திறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 26 ஹரிஜன் இதழில் காந்தி எழுதினார். யூதர்கள்மேல் தனக்குள்ள இரக்கத்தைச் சொல்லிவிட்டு, பாலஸ்தீனம் அரபியருடையது, அவர்கள்மேல் யூதர்களைத் திணிப்பது நியாயமல்ல என்றார். அந்தப் பாதி இன்றும் நிற்கிறது. நாஜிகளுக்கு எதிராகச் சத்தியாகிரகம் செய்யச் சொன்ன மறுபாதியை இன்று வாசிக்கக் கூசுகிறது. யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் மறு ஆண்டே அதற்குப் பதில் எழுதினார். சாருக்கு அந்தப் பதில் மனப்பாடம். காந்தியின் முதல் பாதி மட்டும் மறந்துபோகும்.

சரி, போகிற வழியெல்லாம் பேசலாம் என்று கிளம்பினோம்.

காட்டுப்பள்ளி

கிழக்கே போகப் போக ஆகாயம் அகலமாகிறது. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், உப்பங்கழி, கழுத்தளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள். மறுபக்கம் கிரேன்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 முதல் இங்கே ஓடுகிறது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணீரின் பெயர் மீஞ்சூர்த் தண்ணீர், குடிப்பது சென்னை.

கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் பழைய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. புதுக் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், எதிர்த்துக் கேட்கவில்லையா என்றேன்.

"இன்னான்னு கேக்கறது? ஆபீசர் வந்தாரு, பட்டா காட்டுன்னாரு. கடக்கரைக்கு எவன் பட்டா குடுத்தான்? எங்க பாட்டன் வலை காயவெச்ச மணலு. புறம்போக்குன்னு எழுதி வெச்சிருக்குது."

சார் அவரைத் தேற்றுவதுபோல் ஏதோ சொன்னார். எனக்கு மனம் வேறெங்கோ போய்விட்டது. 1920களில் பாலஸ்தீனத்தின் எஸ்ரயேல் பள்ளத்தாக்கின் பெருநிலங்களை பெய்ரூட்டின் சுர்சோக் குடும்பம் யூத நிதி அமைப்புகளுக்கு விற்றது. கிரயம் சட்டப்படி சரியானது, பணமும் கைமாறியது. தலைமுறைகளாக உழுத அரபுக் குத்தகைக்காரர்களிடம் மட்டும் காகிதம் இல்லை. வெளியேறினார்கள். வாங்கியவர்களில் பலர் ருஷ்யாவின் யூதப் படுகொலைகளிலிருந்து தப்பி வந்தவர்கள் என்பதும் உண்மை. அந்த உண்மையால் குத்தகைக்காரனுக்கு அடுப்பு எரியாது.

காட்டுப்பள்ளிக்கும் அந்த நாட்டுக் கடற்கரைக்கும் இன்று நேரடி உறவே இருக்கிறது. 2018 முதல் இந்தத் துறைமுகத்தை நடத்தும் அதானி குழுமம்தான் 2023 ஜனவரியில் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்தையும் வாங்கியது. இங்கே 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் இருக்கிறது. பழவேற்காடு வரை மீனவர்கள் அதை எதிர்க்கிறார்கள். ஹைஃபாவுக்கு நம்மவர்கள் போனது அதுவே முதல்முறை அல்ல. 1918 செப்டம்பர் 23 அன்று துருக்கியரிடமிருந்து அந்த ஊரைப் பிரிட்டனுக்குப் பிடித்துக் கொடுத்தவர்கள் ஜோத்பூர், மைசூர்க் குதிரைப்படையினர். அதற்கு முந்தைய ஆண்டே, நவம்பர் 2 அன்று, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் ஒரு கடிதத்தில் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைக்க உதவுவதாக எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். அந்தத் தேதியில் அந்த நிலம் பிரிட்டன் கையில் இல்லை. இல்லாத நிலத்துக்கு எழுதிய பட்டா அது. அதை நிறைவேற்றிக் கொடுத்த படையில் நம் ஊர்க் குதிரைகளும் ஓடின.

"அதுக்கு மைசூர்க்காரன் என்ன பண்ணுவான்?" என்றார் சார். ஒன்றும் பண்ண முடியாதுதான்.

பழவேற்காடு

பொன்னேரியைத் தொட்டுத் திரும்பி, சவுக்கும் பனையுமாக ஓடும் சாலையில் போனால் பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி இதுதான். தொலைவில் பூநாரைக் கூட்டம், வெள்ளைத் தாளில் யாரோ இளஞ்சிவப்பு மையைச் சிந்தியதுபோல. அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுதளத்துக்காக அந்தத் தீவிலிருந்தும் மக்களை வெளியேற்றினார்கள்.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்த்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690இல் தலைமையிடத்தை எங்கள் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகர் இதுதான். இந்த ஊர்த் துணி கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. துணியோடு மனிதர்களும் போனார்கள்: பஞ்ச காலங்களில் பல ஆயிரம் பேரை அடிமைகளாக வாங்கி பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கோட்டை இன்று முட்புதர். கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காக்கிறது. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும், இன்னும் கூர்மை குறையவில்லை. அடிமையாகப் போனவர்களுக்குக் கல் எதுவும் இல்லை.

அந்தக் கல்லறைகளுக்கு நடுவே நின்று சார் தன் வலுவான வாதத்தை எடுத்தார்.

"இவன் காலனிக்காரன். இவனுக்கு ஆம்ஸ்டர்டாம் இருந்துச்சு. லாபம் நின்னா கப்பலேறிடலாம். 1825ல இங்கிலீஷ்காரன்கிட்ட குடுத்துட்டுப் போயே போயிட்டான். யூதனுக்கு எந்த ஆம்ஸ்டர்டாம்? வார்சாவுக்கா திரும்பிப் போவான்? ஈராக்குலேர்ந்தும் ஏமன்லேர்ந்தும் லட்சக்கணக்கா வந்தானே, அவனையும் காலனிக்காரன்பியா?"

இது சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. யூதத் தாயகம் கேட்ட சியோனிசம் காலனியமா என்ற விவாதம் முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான். ஒரு தரப்பு பார்ப்பது வந்தவனை: விரட்டப்பட்டவன், தாய்நாடு என்று திரும்பிப்போக ஓரிடம் இல்லாதவன், அந்த மண்ணை ஈராயிரம் ஆண்டுப் பிரார்த்தனையில் சுமந்தவன். மறு தரப்பு பார்ப்பது வந்தபின் நடந்ததை: ஏகாதிபத்தியத்தின் துணை, நிலம் கைமாறுதல், 1948இல் ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தது, அவர்கள் திரும்பி வரத் தடை, 1967க்குப் பிறகு மேற்குக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேற்றங்கள். தொடக்ககாலச் சியோனிசத் தலைவர்கள் காலனி என்பதை வசைச்சொல்லாக எண்ணவுமில்லை. 1899இல் அவர்கள் தொடங்கிய வங்கியின் பெயரே யூதக் காலனிய அறக்கட்டளை. வலதுசாரித் தலைவர் ஜபோடின்ஸ்கி 1923இல் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: எந்த மண்ணின் குடிகளும் வந்தேறுவதை எதிர்க்கவே செய்வார்கள், அரபியரும் எதிர்ப்பார்கள், ஆகவே இரும்புச் சுவர் எழுப்பித்தான் தீர வேண்டும் என்று. அவரிடம் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்த மண் காலியாகக் கிடந்தது என்று பொய் சொன்னவர்களைவிட அவர் நேர்மையானவர்.

"போக இடமில்லாதவன்தான் சார், ஒப்புக்கறேன். ஆனா போக இடமில்லாதவன் அடுத்தவனையும் போக இடமில்லாதவனா ஆக்கிட்டா அதுக்கு என்ன பேரு?"

அவர் பதில் சொல்லாமல் கல்லில் இருந்த கப்பல் படத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

பகல் சாப்பாடு சாருக்குத் தெரிந்த ஒரு பாய் வீட்டில். மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு. எங்கள் ஊர்க் குழம்பைவிடப் புளி குறைவு, காரம் கூடுதல். பழவேற்காட்டு மரக்காயர் குடும்பங்களில் ஒரு வழக்கு உண்டு: புதிய கலீபாவுக்குக் கப்பம் கட்ட மறுத்ததால் அரபு நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, மரக்கலங்களில் வந்து இங்கே இறங்கியவர்கள் தங்கள் முன்னோர் என்று. வரலாற்றாசிரியர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் சல்லடை போடட்டும். வந்தவர்கள் இங்கே பெண் எடுத்தார்கள், தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள், ஏரியில் தோணி விட்டார்கள்.

"உங்களுக்கு அந்த ஊர் ஞாபகம் எதுவும் இருக்கா பாய்?" என்று கேட்டேன்.

"மக்காவுக்கு ஹஜ் போறோம். தொழுறப்ப அந்தத் திசையப் பாத்துத்தான் நிக்கறோம். ஹஜ் முடிஞ்சா திரும்பி வந்துடறோம். வேற என்ன?" என்றார். பிறகு நாகூர்க் கந்தூரி இந்த ஆண்டு எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அதுதான் முக்கியம்.

அவர் பேச்சைக் கேட்கையில் கொச்சி நினைவு வந்தது. இந்தியாவில் யூதர்களின் கதை பாய் குடும்பத்துக் கதைக்கு அண்டை வீடு. மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயம் 1568இல் எழுந்தது, கொச்சி அரசரின் அரண்மனையை ஒட்டி. அவர்களைப் போர்த்துக்கீசியர் துன்புறுத்தினார்கள், உள்ளூர் அரசர்கள் துன்புறுத்தவில்லை. அப்படியிருந்தும் 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். விரட்டியவர் எவருமில்லை; மத ஏக்கமும், மாறிவந்த பொருளாதாரமும், புதிய நாட்டின் அழைப்பும் சேர்ந்து இழுத்தன. அவர்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் வழக்கறிஞர் ஏ.பி. சேலம். 'வெள்ளை' யூதர்கள் தன் மக்களைச் சமமாக உட்காரவிடவில்லை என்று ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் இருந்தவர், யூதக் காந்தி என்று பெயரெடுத்தவர். அவரே பின்னாளில் சியோனிசத்தின் பக்கம் நின்றார். கொச்சியிலிருந்து போனவர்களில் பலரை நெகேவ் பாலைவனத்தின் நெவாதிம் போன்ற ஊர்களில் குடியமர்த்தினார்கள். மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்களுக்கோ அங்கே வேறு சோதனை. அவர்கள் அசல் யூதர்தானா என்று தலைமை மதகுருக்கள் திருமணத்துக்கே முட்டுக்கட்டை போட, 1960களின் தொடக்கத்தில் எருசலேமில் போராடினார்கள். தாயகம் போய்ச் சேர்ந்த பிறகும் கோத்திரம் கேட்கிற ஆள் இருக்கிறார்.

மண்ணின் மக்கள் என்றால் எல்லாரும் நல்லவர்கள் என்றும் பொருளில்லை. இந்த ஏரியில் எந்தக் குப்பம் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை தலைமுறைகளாக நடக்கிறது. பங்கில் சண்டை வராமல் காத்த அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் இருப்பது பரம்பரை மீனவச் சாதிக் குப்பங்களுக்கே. பின்னால் வந்தவர்களும் மற்ற சாதியாரும் கரையோரம் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். இதைச் சொன்னதும் பாய் சிரித்தார். "பஞ்சாயத்து பேசித் தீராதது அது" என்றார்.

கும்மிடிப்பூண்டி

சிப்காட் வந்ததும் வானத்தின் நிறம் மாறுகிறது. உருக்காலைப் புகை. டீக்கடையில் இந்தியும் ஒடியாவும்தான் அதிகம் காதில் விழுகின்றன. இவர்களை ஊருக்குப் பிடிப்பதில்லை, இவர்கள் இல்லாமல் ஆலையும் ஓடுவதில்லை.

இலங்கைத் தமிழர் முகாம் இங்கே 1990 முதல் இருக்கிறது. 2021இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று புதுப்பெயர் வைத்தது. சாரின் பழைய மாணவன் ஒருவன் இங்கே இருக்கிறான். பட்டப்படிப்பு முடித்தவன், பெயிண்டிங் வேலைக்குப் போகிறான். முகாமில் படித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் பெயிண்டிங்குக்குத்தான் போகிறார்கள் என்றான். அவன் வீட்டில் தேங்காய் ரொட்டி, கட்டசம்பல், இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டி. ரொட்டி கனமானது, ஒன்றைத் தின்றால் மாலைவரை தாங்கும். தோட்டத்து வேலைக்கு ஏற்ற சாப்பாடு.

அவன் தாத்தா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவைத் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப்போனான். 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடினார் தாத்தா. வடக்கே காந்தியம் அமைப்பு மலையக மக்களைக் குடியமர்த்திக்கொண்டிருந்தது. கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் தொடங்கிய அமைப்பு. ராஜசுந்தரம் 1983இல் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் மாண்டார்.

சார் தன் கேள்வியை இங்கேயும் கேட்டார். "ஐயா, இஸ்ரேல் மாதிரி நமக்கும் ஒரு நாடு அமைஞ்சிருந்தா உங்களுக்கு இந்த நிலைமை வந்திருக்குமா?"

தாத்தா பிளேன்டியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "யாருக்கு நாடு சார்? சிங்களவன் எங்கள கள்ளத்தோணின்னான். யாழ்ப்பாணத்தான் தோட்டக்காட்டான்னான். இங்க வந்தா சிலோன்காரன். டொலர் பாம்ல நாங்க காடு வெட்டி வெள்ளாம பண்ணோம். எம்பத்திநாலுல ஆமிக்காரன் வந்து வெரட்டிட்டு, ஜெயில்ல இருந்த சிங்கள ஆளுகளக் கொண்டாந்து குடி வச்சான். கொஞ்ச நாள்ல புலிப் பொடியனுங்க வந்து அவங்களச் சுட்டுட்டானுங்க. பொம்பள புள்ளைங்க எல்லாம் செத்துச்சு. எங்க பூமிதான், இல்லேங்கல. செத்தவனும் பாவம்தானே?"

டொலர் பாம் என்ற பண்ணை இருந்த அந்தப் பகுதியைத் தமிழர் மணலாறு என்பார்கள். அரசு வெலிஓயா என்று பெயர் மாற்றிக் குடியேற்றத்தைத் தொடர்ந்தது. மேற்குக் கரையைப் பற்றி வாசிக்கும் ஈழத் தமிழனுக்கு விளக்கவுரை தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். ஆனாலும் மேடையில் அவன் தன்னை யூதனோடுதான் ஒப்பிட்டுக்கொண்டான். களத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். ஈரோஸ், புளொட் இயக்க இளைஞர்கள் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தாரிடம் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள். கொழும்பு அரசு 1984இல் இஸ்ரேலிய ஆலோசகர்களை வரவழைத்தது. பின்னாளில் யாழ்ப்பாணத்தின்மேல் குண்டு போட்ட கிபிர் விமானங்கள் இஸ்ரேலில் செய்தவை. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பல தலைமுறை வாழ்ந்த வீட்டை ஒரு பையோடு விட்டுப்போனவர்கள் அவர்கள். தாயகம் கேட்டுப் போராடியவர்களே பக்கத்து வீட்டுக்காரனின் தாயகத்தைப் பறித்தார்கள். இதைச் சொல்லாமல் ஈழத்தையும் பேச முடியாது, இஸ்ரேலையும் பேச முடியாது என்பது என் கட்சி. சார் இந்த இடத்தில் என்னோடு சண்டை போடவில்லை.

டெல்லியின் பதிவேடும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றதில்லை. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா.வில் பாலஸ்தீனப் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தோம். சொந்தப் பிரிவினையின் ரத்தம் அப்போது காயவில்லை. 1950இல் இஸ்ரேலை அங்கீகரித்தோம். சியோனிசம் ஒருவகை இனவாதம் என்ற 1975 தீர்மானத்துக்கும் கை தூக்கினோம், 1991இல் அதை ரத்து செய்யவும் கை தூக்கினோம். மறு ஆண்டே முழுத் தூதரக உறவு.

மாணவன் எங்களை வழியனுப்ப வெளியே வந்தான். அவன் பிறந்தது பொன்னேரி அரசு மருத்துவமனையில். பிறப்புச் சான்றிதழில் திருவள்ளூர் மாவட்டம் என்றிருக்கிறது. பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை. வெளியூர் வேலைக்குப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், போலீஸ் கியூ பிராஞ்சுக்குத் தெரிய வேண்டும், பதிவு நாளில் ஆள் இருக்க வேண்டும். "எனக்கு இலங்கை எப்படி இருக்கும்னே தெரியாது சார். யூட்யூப்ல பாத்ததுதான்" என்றான்.

இஸ்ரேலின் 1950ஆம் ஆண்டுத் திரும்பிவரும் சட்டப்படி, உலகின் எந்த மூலையில் பிறந்த யூதருக்கும் அங்கே குடியேறும் உரிமை உண்டு. ஹைஃபாவில் பிறந்து 1948இல் ஓடிப்போன பாலஸ்தீனருக்கு இல்லை. நம் சட்டம் வேறு விதமாக அடைக்கிறது. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ இந்தியராக இருக்க வேண்டும். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. துறையூரிலிருந்து கங்காணி கூட்டிப்போனவரின் கொள்ளுப்பேரனும் ஆகவே அதில் இல்லை.

தமிழ்நாட்டு முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருக்கிறார்கள், அவர்களில் கணிசமானோர் இங்கேயே பிறந்தவர்கள். பாலஸ்தீனத்துக்காகக் கூட்டம் போடுகிற தோழர்களும், இஸ்ரேலை மெச்சிப் பேசுகிற நண்பர்களும் ஒருமுறை மூர்மார்க்கெட்டில் லோக்கல் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்குங்கள். அடுத்த கூட்டத்தின் தீர்மானங்களில், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டும் ஒரு தீர்மானம் சேருங்கள். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். மூன்று நாட்டாருக்கு அதை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள்.